வியர்வைக்கு ஒரு வாக்கெடுப்பு

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் போன மாதம் தேர்தல் நடந்தது. வேட்பாளர்கள் இருவர்: பருத்திச் சட்டை, மைக்ரோஃபைபர் ஜெர்சி. அடுத்த ஆண்டு சீருடை எந்தத் துணியில் என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்யலாம் என்று நிர்வாகம் பெருந்தன்மையோடு அறிவித்தது. சம்பளத்தைப் பற்றி இதுவரை எங்களிடம் யாரும் இப்படிக் கருத்துக் கேட்டதில்லை.

ஜெர்சி அணியில் இளவட்டம் அத்தனையும் சேர்ந்துகொண்டது. "வேர்வைய உறிஞ்சாதுண்ணே, வெளிய தள்ளிடும்" என்று லோரியில் சாமான் ஏற்றும் தம்பி ஒருவன் எனக்கு வகுப்பெடுத்தான். வெளியே என்றால் எங்கே? மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்ததும், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் தேங்கி நிற்கும் ஈப்போக் காற்றே வியர்த்துப் போய்த்தானே கிடக்கிறது?

தம்பி சொன்னதில் பாதி சரி. ஜெர்சி இழைகளின் சந்து வழியாக வியர்வை ஏறி, சட்டை முழுக்கப் பரவுகிறது. பரவிய ஈரம் சீக்கிரம் காய்கிறது. ஆனால் காய வைக்கும் வேலை காற்றுடையது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் தரைதான் நனையும், நமக்குக் குளிராது.

பருத்தி அணி என்பது நாங்கள், அதாவது இடுப்பு வலிக்காரர்கள். எங்கள் கையிலும் புள்ளிவிவரம் இருந்தது. ஈரப்பதம் 65 விழுக்காடு உள்ள அறையில் 100 கிராம் பருத்தி எட்டரை கிராம் நீரைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்துக்கொள்ளும். ஜெர்சியின் பாலியெஸ்டர் இழை அரை கிராம்கூட வாங்காது. 'பார்த்தீர்களா தாராள மனசை' என்று பிரச்சாரம் செய்தோம். அந்தத் தாராளம் பத்து மணிக்குமேல் முதுகோடு ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் வரை காயாமல் கனக்கும் என்பதை நாங்கள் சொல்லவில்லை. பிரச்சாரத்தில் எல்லாமும் சொல்வார்களா?

அனுபவசாலியிடம் கேட்போம் என்று அம்மாவிடம் போனேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டு, இருட்டில் கொசு. ஆகவே கைலிக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் புகையும் கொசுவத்தி. சில மாதம் போனால் அந்தச் சட்டையில் எது நூல், எது கித்தா என்று பிரிக்க முடியாது. பால் தெறித்துத் தெறித்துக் காய்ந்து கறுத்து, கொடியிலிருந்து எடுத்தால் கை மடங்காது. வீட்டுக்குள் அதற்கு அனுமதி இல்லை. லயத்துப் பின்சுவர் ஆணியில், ஒட்டுப்பால் நாற்றத்தோடு அதற்கு வாசம். 1823-இல் சார்லஸ் மெக்கின்டோஷ் இரண்டு துணிக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைச்சட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அம்மா காப்புரிமையும் கேட்காமல், விருப்பமும் இல்லாமல் அதையே உடுத்திக்கொண்டிருந்தார்.

"எந்தத் துணிம்மா நல்லது?"

"மரத்து நெழல் இருந்துச்சு. துணிய யாருடா பாத்தா? ஏன், உங்க கெடங்குல காத்தாடி இல்லியா?"

இந்தக் கேள்வியைத் தேர்தல் குழுவில் எழுப்பினேன். குறிப்பேட்டில் ஏறவில்லை.

ஒரு சுவையான சங்கதி. 1941-இல் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்த வின்ஃபீல்டும் டிக்சனும் சம்பளம் வாங்கியது இங்கிலாந்தின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில். பருத்தித் துணியில் பூப்போட்டுப் பிழைத்த கூட்டம் அது! உள்ளேயிருந்தே ஆட்டம் காண வைப்பது எப்படி என்று பேராக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009-இல் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாறியதில் மாநில ஆட்சியே கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள்.

பிறகு நாற்றம். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தார் உடற்பயிற்சி முடித்தவர்களின் சட்டைகளை வாங்கி வைத்து, ஆட்களை உட்கார்த்தி முகரச் சொன்னார்கள். (அந்த வேலைக்கு என்ன சீருடையோ!) பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற நுண்ணுயிருக்கு அந்த இழை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. சாயங்காலம் எங்கள் பஞ்ச்கார்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் அவர்களுக்கு ஆய்வுச் செலவு மிச்சமாகியிருக்கும்.

சிரிக்க முடியாத சங்கதியும் ஒன்று உண்டு. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் என் சித்தப்பா ஜெர்சியை அடுப்புப் பக்கமே விடமாட்டார். தீப்பட்டால் பருத்தி எரியும், கருகும். பாலியெஸ்டரோ ஏறத்தாழ 260 டிகிரியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் கிடங்கில் இரும்புத் தட்டுகளை வெல்டிங் செய்யும் அண்ணன் இதைக் கேட்டதும், பேசாமல் பருத்திப் பக்கம் வந்து உட்கார்ந்தார். எங்களுக்குக் கிடைத்த ஒரே கட்சித் தாவல் அதுதான்.

வாக்கு எண்ணினார்கள். ஜெர்சிக்கு அமோக வெற்றி. ஒரு வாரம் கழித்து நிர்வாகம் கொடுத்ததோ 65 விழுக்காடு பாலியெஸ்டர், 35 விழுக்காடு பருத்தி கலந்த காலர் சட்டை. 2022-இல் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் அமைந்த மாதிரி ஒற்றுமை அரசாங்கம். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, யாராலும் கவிழ்க்கவும் முடியவில்லை.

உங்கள் வேலையிடத்தில் இப்படித் தேர்தல் வந்தால் என் கட்சி நிலைப்பாடு இது. மோட்டார்சைக்கிளில் சுற்றுகிறவர் ஜெர்சிக்கே போடட்டும், அவருக்குக் காற்று இலவசம். துவைக்கும்போது மட்டும் வாசனைத் திரவத்தை ஊற்ற வேண்டாம். அது இழையில் படிந்தால், வியர்வை ஏறிப் பரவும் வித்தை மங்கிவிடும். நெருப்போடு வேலை செய்கிறவருக்குப் பருத்தி, அதில் பேரமே இல்லை. எங்களைப் போலத் தகரக் கூரைக்கடியில் நிற்கிறவர்கள் எதைப் போட்டாலும் நனையத்தான் போகிறோம். ஆகவே நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள்: பின்கதவுப் பக்கத்துக் காத்தாடி சீனப் பெருநாளிலிருந்து சுற்றவில்லை. அதற்கு வாக்கெடுப்பு வேண்டாம், ஒரு வயர்மேனைக் கூப்பிட்டால் போதும்.