குறிகட்டுவானுக்குக் குறிவைச்ச மருமோனுக்கு

தங்கச்சி ரெலிபோன் எடுத்துச் சொன்னாள். வாற ஞாயிற்றுக்கிழமை நீர் யாழ்ப்பாணத்திலையிருந்து குறிகட்டுவான் மட்டும் சைக்கிள் உழக்கி, வள்ளமேறி நயினாதீவு அம்மாளைக் கும்பிட்டு, அண்டைக்கே திரும்பப் போறீராம். நல்ல விசயம் மருமோன். போக 30 கிலோமீற்றருக்குக் கிட்ட, வரவும் அதேயளவு. வேலணையிலை என்ரை வாசலைத் தாண்டித்தான் போகவேணும். கதிரை போட்டு இருந்து பாக்கிறன்.

ரொறன்ரோவிலையிருந்து பெட்டியிலை கழட்டிக் கொண்டுவந்த சைக்கிளாம். மாமி அதை ஒரு கையாலை தூக்கிப் பாத்திட்டு, "மிச்சத்தைக் கனடாவிலை விட்டிட்டு வந்திட்டானோ" எண்டு கேட்டவ. கரியர் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, மக்காட் இல்லை, செயின் கவர் இல்லை, மணிகூட இல்லை. இதெல்லாம் இல்லாததுக்குத்தான் கூடக் காசு எண்டு நீர் விளங்கப்படுத்தினீராம். அவவுக்கு இன்னும் விளங்கேல்லை. எனக்கு விளங்குது. நல்ல கணக்கு. எங்கடை பழைய றலிச் சைக்கிளிலையிருந்தும் அதெல்லாம் ஒவ்வொண்டாக் கழண்டு விழுந்துதான் கிடக்கு. இப்ப அதின்ரை விலையை உயர்த்தலாமோ எண்டு யோசிக்கிறன்.

சரி, பகிடி கிடக்கட்டும். போனிலை வழியைப் பாத்தனீர், ஏத்தம் எவ்வளவு எண்டும் பாத்தனீராம். ஒண்டுமில்லை, தட்டை எண்டு சிரிச்சீராம். காத்தைப் பாத்தனீரோ?

தீவுப்பகுதியிலை மலை இல்லைத்தான். ஆனா எங்களுக்கும் ஒரு மலை இருக்கு, அது இடம் மாறி மாறி நிக்கிற மலை. வைகாசி தொடக்கம் புரட்டாதி மட்டும் தென்மேற்கிலை நிக்கும். அதுக்குப் பேர் சோழகம். மார்கழி, தையிலை வடகிழக்குக்கு வந்திடும், அது வாடை. குறிகட்டுவான் யாழ்ப்பாணத்துக்கு மேற்கை, கொஞ்சம் தெற்குச் சாய்ச்சுக் கிடக்கு. அப்ப கணக்கைப் பாரும். சோழகத்திலை போறவன் காத்துக்கு முகத்தைக் குடுத்துப் போவான், முதுகைக் குடுத்து வருவான். வாடையிலை போறவனுக்குப் பாடு மறுவளம்.

மறுவளம் போறவங்களைத்தான் நான் கதிரை போட்டு இருந்து ரசிக்கிறனான். தைப்பொங்கலோடை கொழும்பிலையிருந்து பெடியள் வருவாங்கள். பண்ணைப் பாலத்திலை ஏறின உடனை சைக்கிள் தன்ரைபாட்டிலை பறக்கும். தங்கடை காலிலைதான் ஏதோ விசேசம் எண்டு நினைச்சு, அல்லைப்பிட்டியிலை ஒரு படம், மண்கும்பானிலை ஒரு படம், என்ரை வாசலிலை எனக்கு ஒரு கையசைப்பு. பின்னேரம் வரேக்கை அந்தக் கை ஹாண்டிலை விட்டு எழும்பாது. புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் இடையிலை வாணர் பாலம் இருக்கெல்லோ, இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு பனைகூட இல்லை, அங்கை வைச்சு வாடை அவங்களைப் பிடிச்சு விசாரிக்கும். கடைசியிலை லான்ட்மாஸ்ரர் ஒண்டிலை சைக்கிளும் ஆளுமா ஏறி வருவினம். காத்துப் போட்டுதாம் எண்டு சொல்லுவினம். அதுவும் பொய்யில்லை. ஆளிலை காத்துப் போட்டுது, ரயரிலை அல்ல.

உம்மடை அதிஷ்டம், இது ஆடி மாசம். அம்மி பறக்கிற காத்து எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுறது உமக்குத் தெரியும். ஒரு விரலாலை தூக்கிற சைக்கிள் என்ன பாடுபடும் எண்டு நீரே யோசியும். போகேக்கை பெருமைப்பட ஒண்டும் கிடையாது. அதுதான் முதல்தரம் தூரம் போறவனுக்கு நல்லது. களைப்பைக் காலமையே குடுத்து முடிச்சிடலாம்.

நீர் கணக்குப் படிச்ச பிள்ளை. காத்து எதிர்க்கிற விசை வேகத்தின்ரை வர்க்கத்தோடை கூடும். மணிக்கு 20 கிலோமீற்றரிலை நீர் உழக்க, எதிரை 20இலை காத்து வந்தால், நெஞ்சிலை படுகிறது 40. எதிர்ப்பு இரண்டு மடங்கில்லை, நாலு மடங்கு. ஆனபடியால் ஹாண்டிலிலை பூட்டின வேக மீற்றர்ப் பெட்டியிலை 25 காட்டவேணும் எண்டு பல்லைக் கடியாதையும். அதுக்குமேலை ஒரு துணியைக் கட்டிவிடும். கியரை லேசிலை போட்டு, கால் கெதியாச் சுத்தட்டும்; ஒரு நிமிசத்துக்கு 80, 90 சுத்து. பாரமான கியரிலை மிதிச்சுக்கொண்டு போனால் பாதி வழியிலையே முழங்கால் பேசத் தொடங்கிவிடும். வளைஞ்ச ஹாண்டிலுக்குக் காசு குடுத்தனீர்தானே, கீழ்ப்பிடியைப் பிடிச்சுக் குனிஞ்சு போம். துணைக்கு ஆரும் வாறதெண்டால் அகலமான ஆளாப் பாத்துத் தெரிவு செய்து முன்னாலை விடும். உம்மடை சித்தப்பா வருவார் எண்டு கேள்விப்பட்டன். அவருக்குப் பின்னாலை ஒரு குடும்பமே காத்துப் படாமல் போகலாம்.

எதிர்க்காத்தெண்ட உடனை ஒரு கதை ஞாபகம் வருது. ஒல்லாந்தர் எங்களை ஆண்ட காலத்திலை எங்கடை தீவுகளுக்குத் தங்கடை ஊர்ப் பேரெல்லாம் வைச்சவங்கள். நெடுந்தீவு டெல்வ்ற், வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடல்பேர்க். அந்த உண்மையான மிடல்பேர்க் சீலாந்து மாகாணத்தின்ரை தலைநகர். அந்த மாகாணத்திலை கடலுக்குக் குறுக்கை பெரிய புயல் அணை ஒண்டு கட்டி வைச்சிருக்கிறாங்கள். 2013 தொடக்கம் அதிலை எதிர்க்காத்துச் சைக்கிள் போட்டி நடக்குது. தூரம் எட்டரைக் கிலோமீற்றர். காத்து ஏழாம் தரமோ அதுக்கு மேலையோ வீசினாத்தான் போட்டி, இல்லாட்டி இல்லை. அதுவும் கியர் இல்லாத, நிமிந்து இருந்து உழக்கிற சாதாரணச் சைக்கிளிலை! பாத்தீரோ மருமோன், எங்கடை வாணர் பாலத்திலை மீன்பெட்டி கட்டிக்கொண்டு மனுசர் காலங்காலமாச் செய்யிறதுக்கு அங்கை கிண்ணம் குடுக்கிறாங்கள். எங்கடையாக்களுக்கு மீன் விலைதான் கிடைச்சது.

இனி உம்மடை இருப்பிடத்தைப் பற்றி. மெத்தை வைச்ச ஒட்டுக் காற்சட்டை வாங்கினீராம். நல்லது, அதுக்குள்ளை வேறை ஒண்டும் போடாதையும். வெக்கப்படாமல் கேளும்: உள்ளுடுப்பின்ரை தையல் ரண்டு மணித்தியாலம் உரஞ்சினால், பேந்து மூண்டு நாளைக்கு நின்றபடிதான் சாப்பாடு. கொஞ்சம் வாஸ்லின் பூசும். சீற்றின்ரை உயரத்தையும் பாரும். பெடல் அடியிலை இருக்கேக்கை கால் கிட்டத்தட்ட நிமிந்து, முழங்கால் லேசா மடங்கி இருக்கவேணும்.

சப்பாத்தைப் பெடலிலை பூட்டுற வித்தையும் வைச்சிருக்கிறீராம். ஒரு யோசனை சொல்லுறன், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பழகாதவன் நிக்கேக்கை காலைக் கழட்ட மறந்து, பேசாமல் பக்கவாட்டிலை சரிவான். சரியிற இடம் எப்பவும் சனம் நிக்கிற இடமாத்தான் இருக்கும். மண்டைதீவுச் சந்தியிலை மாடு ஒண்டு றோட்டுக்குக் குறுக்கை நிண்டு உம்மை யோசிச்சுப் பாக்கும், பின்னாலை 776 பஸ் முழுச்சனத்தோடை வரும். அந்த நேரம் பாத்து நீர் விழுந்தால், நீர் குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர முதல் செய்தி போய்ச் சேர்ந்திடும்.

ரயரைக் கல்லுமாதிரி அடிக்காதையும். 28 மில்லிமீற்றர் ரயர் பூட்ட இடமிருந்தால் பூட்டி, காத்தைக் கொஞ்சம் குறைச்சுவிடும். மேலதிக ரியூப் ரண்டு கொண்டுபோம், உடைமுள்ளு கனடாக்காரன் எண்டு பாக்காது. இன்னொண்டு. உம்மடை ரியூப்பிலை இருக்கிற மெல்லிய வால்வுக்கு எங்கடை சைக்கிள் கடைப் பம் பிடிக்காது. அதுக்கு மேலை திருக ஒரு சின்னப் பித்தளை மூடி விக்கிறாங்கள், அதைச் சட்டைப்பையிலை போடும். இல்லாட்டிக் கடைக்காரரும் நீரும் பம்மை மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிக்கவேண்டியதுதான்.

தண்ணியைக் காசு குடுத்தெண்டாலும் நிறையக் கொண்டுபோம். தீவுக் கிணறு கனக்க உவர். தாகிக்க முதல் குடியும், பசிக்க முதல் தின்னும். பசி வந்தாப்போலை தின்னத் தொடங்கினால் கால் திரும்பி வராது. ரியூப்பிலை அடைச்ச பாகு ஒண்டு வைச்சிருக்கிறீர் எண்டு மாமி பல்லு விளக்கப் போனவ. அதை விட்டிட்டு, புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் ஒரு பொட்டலம், பனங்கட்டி நாலு துண்டு. கொஞ்சம் உப்பும் வேணும், இந்த வெய்யிலிலை உடம்பிலையிருக்கிறது எல்லாம் சட்டையிலை வெள்ளையாப் படிஞ்சிடும்.

எங்கடை காலத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது எண்டு தங்கச்சி சொன்னவள். கொஞ்சமாத்தான் கதைப்பன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலை றேடியோ கேட்டனாங்கள். செய்தி வாசிக்கேக்கை சுத்துற பெடியன் களைச்சால் வாசிக்கிறவரின்ரை குரலும் களைக்கும். கிளாலிக் கடலாலை இரவிலை வள்ளத்திலை சைக்கிளை ஏத்திக்கொண்டு போனவை, வன்னியிலையிருந்து விறகு கட்டிக்கொண்டு வந்தவை எல்லாம் எங்கடை ஆக்கள்தான். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தாலை போகேக்கை ஆயிரமாயிரம் சைக்கிள் றோட்டிலை, ஒருத்தரும் உழக்கேல்லை. சனம் விடேல்லை, உருட்டினதுதான், மழையுக்குள்ளை, விடிய விடிய. அந்தத் தூரத்தை மீற்றர் பூட்டி அளக்க ஆருக்கும் தோன்றேல்லை. சரி, நிப்பாட்டிறன்.

குறிகட்டுவானிலை சைக்கிளை ஏத்தாதையும், நயினாதீவிலை இறங்குதுறையடியிலைதான் கோயில். கால் மணித்தியாலம், இருபது நிமிசத்திலை வள்ளம் போயிடும். ஆனா அந்த ஒட்டுக் காற்சட்டையோடை அம்மாளுக்கு முன்னாலை போய் நிக்காதையும். வேட்டி ஒண்டைச் சுருட்டி முதுகுப் பையிலை வையும். அமுதசுரபி மண்டபத்திலை அன்னதானம் கிடைச்சால் அளவாச் சாப்பிடும். சோழகம் முதுகிலை தள்ளத் தள்ள, வயிறு நிறைஞ்சவனுக்கு ஹாண்டிலிலையே நித்திரை வரும். கடைசி வள்ளம் எத்தினை மணிக்கெண்டு போகேக்கையே கேட்டு வையும், திரும்பி வந்து கேட்கிறது பிரியோசனமில்லை.

நெடுந்தீவுக்கும் போகலாமோ எண்டு கேட்டீராம். இந்த முறை வேண்டாம். வள்ளம் ஒரு மணித்தியாலம் ஆடும். அங்கை பவளக்கல்லாலை வேலி கட்டின ஒழுங்கையள், கட்டாக் குதிரையள், பெருக்குமரம் எல்லாம் பாக்க வடிவுதான். உம்மடை மெல்லிய ரயரை அந்தக் கல்லுப் பாதை ஒரு நேரச் சாப்பாடாச் சாப்பிட்டிடும். அங்கை போறதெண்டால் என்ரை றலியைத் தாறன். வாடகை பேந்து கதைப்பம்.

திரும்பி வந்தாப்போலை கனடாவிலை இந்தக் கதையைச் சொல்லுவீர், எனக்குத் தெரியும். பிரான்சிலை பாரிஸிலையிருந்து பிறெஸ்ற் மட்டும் போய்த் திரும்ப 1200 கிலோமீற்றரை 90 மணித்தியாலத்துக்குள்ளை ஓடுறவங்கள் இருக்கிறாங்கள். அவங்களுக்கு முன்னாலை 60 எண்டு சொல்ல வாய் கூசும். 70 எண்டு சொல்லும், நான் சாட்சிக் கையெழுத்து வைக்கிறன். கலியாண வீட்டிலை 80 ஆக்கினாலும் மாமி தலையாட்டுவா. 100 எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். ரொறன்ரோவிலை புங்குடுதீவாக்கள் கனபேர் இருக்கினம், யாழ்ப்பாணத்திலையிருந்து தங்கடை வளவு மட்டும் மைல்கட்டையை எண்ணி வைச்சிருக்கிற சனம். மிச்ச 40ஐயும் எந்தக் கடலுக்கு மேலாலை உழக்கினனீர் தம்பி எண்டு, உம்மடை பொம்பிளைக்கு முன்னாலை வைச்சுக் கேட்பினம்.