வெள்ளிக்கு ஏது விடுமுறை?

கெடாவில் வெள்ளிக்கிழமை பேங்க் திறக்காது. சனிக்கிழமையும் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை திறக்கும், ஆனால் அன்றைக்குக் கோலாலம்பூரில் தலைமையகம் குறட்டை விடும். ஆக, இரண்டு ஊரும் சேர்ந்தாற்போல் விழித்திருப்பது வாரத்தில் நாலே நாள். தீபாவளி, ஹரிராயா என்று பார்க்காமல் ஏழு நாளும் விழித்திருப்பது கிரெடிட் கார்டு வட்டி ஒன்றுதான். நாம் கிழமையையும் வெள்ளி என்கிறோம், ரிங்கிட்டையும் வெள்ளி என்கிறோம். முதல் வெள்ளிக்கு விடுமுறை உண்டு. இரண்டாவது வெள்ளிக்குக் கிடையாது.

2017-இல் நடந்த கதை. பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு மாமா முறை. நாற்பது வருஷம் செக்ரோல் எழுதிய கை. ஒரு காசு பிசகியதில்லை என்பது அவர் பெருமை. தபால் பையைப் பிரித்து ஊர்க் கடிதங்களை லயத்துக்கு அனுப்பும் வேலையும் அவருடையதுதான். ஒரு கடிதத்தைக்கூட மறுநாளுக்கு வைத்ததில்லை என்பார். லயத்துக் கிழவிகள் வேறு மாதிரி சொல்வார்கள். அது கிடக்கட்டும்.

பேத்தி படிப்புக்கு மடிக்கணினி வாங்கியதில் கார்டில் 2,340 வெள்ளி ஏறியிருந்தது. பில் போட்ட தேதிக்கும் கட்ட வேண்டிய கெடுவுக்கும் இடையே இருபது நாள். அதில் பதிமூன்று நாளை, தோட்ட முகப்பில் வரிசையாக ஆணியடித்து வைத்திருக்கும் தபால் பெட்டிக்கு வந்து சேரவே பில் தின்றுவிட்டது. மாமா மறுநாளே மேசையில் உட்கார்ந்தார். செக்கில் தொகையை எழுத்தால் எழுதி, ‘மட்டும்’ போட்டு, மிச்ச இடத்தில் யாரும் ஒரு சைபர்கூட நுழைக்க முடியாதபடி ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு இழுத்தார். பில்லோடு பேங்கே வைத்து அனுப்பிய உறை. அதில் அறுபது காசுத் தபால்தலை. செக்குக்கு முத்திரை வரி பதினைந்து காசு, 2015-இலிருந்து செயல்முறைக் கட்டணம் ஐம்பது காசு. ஆக, கடனைத் திருப்பிக் கொடுக்கும் மரியாதைக்கே ஒரு வெள்ளி இருபத்தைந்து காசு தட்சிணை வைத்துவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் மோட்டாரில் போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

வெள்ளி, இங்கே அடைப்பு. சனி ஞாயிறு, அங்கே அடைப்பு. திங்கள், கெடு. செவ்வாய், செக் போய்ச் சேர்ந்தது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் தாண்டிக் கடாரத்துக்கு, அதாவது இதே கெடாவுக்கு, வந்து அடித்துவிட்டே போனான். கடாரத்திலிருந்து ஒரு காகிதம் கோலாலம்பூர் போய்ச் சேர ஐந்து நாள் போதவில்லை.

அடுத்த பில் வந்தது. தாமதக் கட்டணம் நிலுவையில் ஒரு சதவீதம்: 23 வெள்ளி 40 காசு. பத்து வெள்ளிக்குக் குறையாமல், நூறு வெள்ளிக்கு மிகாமல் வாங்கிக்கொள்ளலாம் என்பது பேங்குகளுக்கு உள்ள விதி. ஒரு நாள் பிந்தினாலும் அதே தொகை, இருபது நாள் பிந்தினாலும் அதே தொகை. சமத்துவத்தை இந்த நாட்டில் வேறெங்கே தேடுவது? அதோடு போகவில்லை. கெடுவுக்குள் முழுசாகக் கட்டாததால் வட்டியில்லாச் சலுகை செத்தது. மடிக்கணினி கணக்கில் ஏறிய நாளிலிருந்து வட்டி, நாற்பது வெள்ளிக்குக் கிட்ட. இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் ஒழுங்காகக் கட்டினால்தான் ஆண்டுக்குப் பதினைந்து சதவீதம். ஒரு மாதம் சறுக்கினால் பதினேழு. மூன்று சறுக்கினால் பதினெட்டு. ‘சறுக்கியது யார்?’ என்ற கேள்விக்கு அந்தப் படிக்கட்டில் இடமில்லை.

மாமா சுங்கை பட்டாணியில் உள்ள கிளைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கவுண்டரில் நம் பையன்தான்.

“தம்பி, புதன்கிழமையே தபால்ல போட்டுட்டேன். நீங்க குடுத்த கவர்லதான் போட்டேன்.”

“தெரியுது அங்கிள். ஆனா சிஸ்டத்துல செவ்வாய்னுதான் வருது.”

“செவ்வாய்க்கு நான் என்னப்பா செய்வேன்?”

“சிஸ்டம் அங்கிள்.”

முனியாண்டிக்காவது சுருட்டும் கோழியும் கொடுத்தால் மனம் இரங்குவார். இந்தச் சிஸ்டம் என்ற சாமிக்கு என்ன படையல் என்று பூசாரிக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கார்டு ஒப்பந்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. அதற்குள்தான் திருட்டுத்தனம் குடியிருந்தது. பேங்க் எனக்குத் தபாலில் ஒரு அறிவிப்பு அனுப்பினால், அனுப்பிய சில நாளில் அது எனக்குக் கிடைத்துவிட்டதாகவே கருதப்படும். கிடைத்ததா, நாய் தின்றதா, மழையில் கரைந்ததா என்ற பேச்சே கிடையாது. நான் பேங்குக்கு அனுப்பினால்? அவர்கள் கைக்கு வந்து கணக்கில் ஏறும்வரை நான் அனுப்பவே இல்லை. ஒரே தபால் நிலையம், ஒரே லாரி, ஒரே சாலை. வடக்கே வரும்போது அது கருடன். தெற்கே போகும்போது அது ஆமை. பெரும்பாலான கார்டு ஒப்பந்தங்களில் இந்த இரட்டை நாக்கு இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

வெள்ளைக்காரன்கூட இதைவிட நியாயம் பேசினான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 50-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு: பணத்தைத் தபாலில் அனுப்பு என்று கடன் கொடுத்தவனே கேட்டுக்கொண்டால், சரியான முகவரி எழுதித் தபாலில் போட்ட கணமே கடன் தீர்ந்தது. நம் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதே வார்ப்பில் வந்த பிள்ளைதான். உறையில் முகவரி அச்சடித்துக் கையில் கொடுப்பது, தபாலில் அனுப்பு என்று கேட்பதில்லாமல் வேறென்ன? ஆனால் ‘ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயே’ என்று எறும்பெழுத்தைக் காட்டிவிடுவார்கள். வக்கீல் வைத்து வாதாடலாம்தான், 23 வெள்ளி 40 காசுக்கு. அந்தக் கணக்குத் தெரிந்துதான் தொகையை அந்த அளவில் வைத்திருக்கிறார்கள்.

தபால் பிந்தினால் கொஞ்சம் பொறுங்கள் என்கிறோம். முடியாத காரியமா கேட்கிறோம்? இந்தியாவில் 2022-இல் ரிசர்வ் பேங்க் சொன்னது: கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அமெரிக்காவில் 2009-இல் சட்டமே கொண்டுவந்தார்கள்: பில்லைக் கெடுவுக்கு இருபத்தொரு நாள் முன்பே அனுப்ப வேண்டும், தபால் வாங்காத நாளில் கெடு விழுந்தால் அடுத்த வேலை நாளில் வருவதையும் நேரத்தோடு வந்ததாக ஏற்க வேண்டும். அங்கேயும் பேங்குகள் ஒன்றும் தர்மசத்திரம் நடத்தவில்லை. நம் தோட்டத்து மளிகைக்கடையில் 555 நோட்டில் பற்று எழுதினார்கள். சம்பளம் இரண்டு நாள் தள்ளினால் கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிப்புக்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை.

இப்போது எல்லோருக்கும் ஒரே உபதேசம்தான்: ஃபோனிலேயே கட்டுங்கள் அங்கிள். ஜோம்பே இருக்கிறது, டூயிட்நவ் இருக்கிறது, கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் ஏற்பாடு இருக்கிறது. செய்யுங்கள், நானும் அதையேதான் சொல்கிறேன். தபாலை நம்பியே தீர வேண்டியவர்கள் பில்லுக்குக் காத்திருக்காமல் மாதப் பிறப்பிலேயே ஒரு தொகையை அனுப்பிவிடுங்கள், அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கட்டணம் விழுந்தால் வெட்கப்படாமல் தள்ளுபடி கேளுங்கள். ஆனால் ஒன்று: செக்கும் செல்லும், தபாலும் செல்லும் என்று பில்லில் அச்சடித்தது யார்? கதவைத் திறந்து வைத்துவிட்டு, நுழைகிறவனிடம் ‘ஏன் ஜன்னல் வழியாக வரவில்லை’ என்று அபராதம் போடுகிறார்கள்.

தள்ளுபடி கேட்கத்தான் மாமா ஃபோன் போட்டார். ஆங்கிலத்துக்கு ஓர் எண், மலாய்க்கு ஓர் எண், மாண்டரினுக்கு ஓர் எண். தமிழுக்கு எண் இல்லை. தமிழனுக்கு உண்டு: பதினாறு இலக்கம், கார்டின் முகப்பில். அதைத் தட்டச் சொன்னார்கள். தட்டினார். பாட்டுப் போட்டார்கள். பசியாற உட்கார்ந்தவர் பாட்டு முடிவதற்குள் மூன்று தோசையும் ஒரு கொப்பியும் முடித்துவிட்டார். கடைசியில் ஒரு பெண் வந்து, கோரிக்கையைப் பதிவு செய்துகொண்டோம், பதில் தபாலில் வரும் என்றாள்.

வந்தது. இத்துடன் உள்ள படிவத்தை, கடிதத் தேதியிலிருந்து 14 நாளுக்குள் நிரப்பி அனுப்பினால் தள்ளுபடி பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தது. மாமா தேதியைப் பார்த்தார், சுவரில் நாட்காட்டியைப் பார்த்தார். பதினாறாம் நாள். முந்தின ராத்திரி பெய்த மழை தபால் பெட்டிக்குள் இறங்கி, படிவம் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிழியாமல் பிரித்தெடுத்து, காயட்டும் என்று துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.