இரண்டு சாவிக்காரர்

ஜெர்மனியின் சிறுநகரங்களில் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒருவர் இருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் இரண்டு கார் சாவிகள். ஒன்று 2001-ஆம் வருடத்து பி.எம்.டபிள்யூ எம்5, நான்கு கதவு செடான். மற்றொன்று அண்மையில் வாங்கிய மாஸ்டா எம்எக்ஸ்-5, கூரையை மடக்கி ஓட்டும் கன்வர்டிபிள். இரண்டில் எது மேல் என்று அவரிடம் கேட்கவே வேண்டாம். ‘சௌக்கியமா?’ என்றாலே போதும், பதில் வந்துவிடும்.

எம்5-இல் இருப்பது 4.9 லிட்டர் வி8 இன்ஜின், 400 குதிரைத்திறன். மாஸ்டாவுக்கு 184தான். மாஸ்டாவின் எடை 600 கிலோவுக்கு மேல் குறைவாயிற்றே என்று யாராவது இழுத்தால், எடைக்கணக்கெல்லாம் கறிக்கடையில் பேச வேண்டியது என்பார். இந்தத் தலைமுறை எம்5 உலகத்துக்கே இருபதாயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். எம்எக்ஸ்-5 வரிசையோ 1989-இல் தொடங்கி 2016-இலேயே பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. “பத்து லட்சம் பேர் வாங்கிய பொருளில் என்ன பெருமை?”

எம்5-இன் மீட்டர் திரையில் பாதிப் புள்ளிகள் செத்துவிட்டன. ஓடிய தூரம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பார். மாஸ்டாவின் தொடுதிரை ஒரு நொடி தயங்கினால் மட்டும், “இந்தக் காலத்துக் கார்கள்!” வி8 ஆயில் குடிக்கும், தடித்த 10டபிள்யூ-60 டப்பா ஒன்று டிக்கியிலேயே குடியிருக்கிறது. அது குறையல்ல, பசி. காலையில் கிளப்பியதும் டாக்கோமீட்டரைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் எரியும். ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். அதுவரை இன்ஜினை முறுக்கவும் கூடாது, மனைவி பேச்சுக் கொடுக்கவும் கூடாது.

மாஸ்டாவின் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குவதால் சாலையின் உணர்வு கைக்கு வருவதில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார். அந்தத் தலைமுறை பி.எம்.டபிள்யூக்களில் ஆறு சிலிண்டர் கார்களுக்கே துல்லியமான ரேக் ஸ்டியரிங் கொடுத்தார்கள். எம்5 உட்பட வி8 கார்களுக்குக் கிடைத்தது பழைய பாணி. இதை எடுத்துச் சொன்னால், அடுப்பில் ஏதோ வைத்தது நினைவுக்கு வந்து எழுந்து போய்விடுவார்.

ஜெர்மனியில் பருவகால நம்பர் பிளேட் என்று ஒன்று உண்டு. வருடத்தில் 2 முதல் 11 மாதம் வரை வேண்டிய காலத்துக்கு மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். வரியும் காப்பீடும் அந்த மாதங்களுக்குத்தான். கூரை மடக்கும் கார் வைத்திருப்பவர்கள் கோடைக்கென்று வாங்குவது வழக்கம். இவரோ அதைச் செடானுக்கு மாட்டியிருக்கிறார். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தைத் தின்றுவிடுமாம். ஆக, கெட்டிக் கூரையும் 460 லிட்டர் டிக்கியும் உள்ள குடும்ப வண்டி கராஜில் போர்வைக்குள். துணிக்கூரை வண்டி ஜனவரிப் பனியில் சூப்பர் மார்க்கெட்டுக்கு. 130 லிட்டர் டிக்கியில் அடங்காத சாமான் மனைவியின் மடியில். கூட இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் மகனிடமே வெளியூர் மகனின் பெருமையைப் பேசும் தாயைப்போல, அந்த மாஸ்டாவை ஓட்டியபடியே எம்5-இன் புகழைப் பாடிக்கொண்டு போவார்.

ஒருவழியாக மாஸ்டாவை விற்க விளம்பரம் கொடுத்தார். பார்க்க வந்தவர் விலையைக் குறைக்கும் எண்ணத்தில், “டிக்கி ரொம்பச் சின்னது” என்று ஆரம்பித்தார். நம்மவருக்கு முகம் சிவந்துவிட்டது. “கூரையை மடக்கினாலும் அந்த டிக்கி ஒரு லிட்டர்கூடக் குறையாது, தெரியுமா? உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் மடக்கலாம். பத்து லட்சம் பேர் என்ன முட்டாள்களா?”

“சரி, அப்படியானால் அந்த எம்5-ஐக் கொடுங்களேன்” என்றார் வந்தவர்.

“அதுவா? மீட்டர் தெரியாது, ஆயில் குடிக்கும், 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் பெட்ரோல். உங்களுக்குக் கட்டாது” என்று சொல்லி, இரண்டு சாவியையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.