டிரெய்ன் போல்ட் மரையழிவுக்கு அச்சமே மூலம்: வடலூரை முன்வைத்து ஓர் ஆய்வு

எஞ்சினுக்கு அடியில் ஆயில் இறக்குவதற்கென்று இருக்கும் டிரெய்ன் போல்ட்டின் மரை ஏன் போகிறது என்ற கேள்விக்கு, வடலூர் நாலுரோட்டுப் பக்கத்தில் இருவகை விடை வழங்கிவருகிறது. முரட்டுக் கை என்பது ஒன்று. மட்டமான உலோகம் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை, மரையை அழிப்பது ‘ஒழுகிவிடுமோ’ என்ற அச்சமே என்பது இக்கட்டுரையின் துணிபு. உயிர்களுக்கு நேரும் இடர்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று வகுத்தார் வள்ளலார். பசிக்கென 1867இல் இவ்வூர்த் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பயத்துக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லாததன் விளைவை 17ஆம் நம்பர் ஸ்பேனரின் முனையில் காணலாம்.

சான்று போல்ட்டிலேயே இருக்கிறது. நூறு சிசி வண்டிகளில் பரவலாகக் காண்பது 12 மில்லிமீட்டர் போல்ட். மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். போல்ட் எஃகு, அது ஏறும் கிராங்க்கேஸ் அலுமினியம். ஆகவே சண்டை வந்தால் தோற்பது எப்போதும் விலை கூடிய தரப்புதான். ஆயிலைத் தடுப்பதோ இந்த இரண்டுமல்ல, நடுவே நசுங்கிக் கிடக்கும் வாஷர். ஒருமுறை நசுங்கியது மறுமுறை அவ்வளவு இணங்கிப் படியாது. ஆனாலும் பழையதையே துடைத்துப் போட்டு, ஒரு சொட்டு கசிந்ததும் ‘இன்னும் ஒரு கால் சுத்து’ என்று ஸ்பேனரைத் தள்ளுவதே மரபு. குற்றம் வாஷருடையது, தண்டனை மரைக்கு. இதில் இன்னொரு சூதும் உண்டு. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகி, மிச்சம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் ஆயில் நனைந்திருந்தால் உராய்வு குறைந்து அந்த மிச்சம் கூடிவிடும். கைக்கு அது தெரியாது. இறுகிக்கொண்டே வந்த ஸ்பேனர் திடீரென்று வெண்ணெயில் ஓடுவதுபோல் லேசாகும். கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களில் சுருள் சுருளாக அலுமினியக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் கிராங்க்கேஸில் நேற்றுவரை மரையாக இருந்தது.

அச்சமே நோய்முதல் என்பதற்கு முதல் சிகிச்சையும் சாட்சி சொல்கிறது. மரை தேய்ந்ததும் கைகள் தேடுவது டெஃப்லான் டேப்பை. அது குழாய்க்காரரிடமிருந்து வந்த வைத்தியம். தண்ணீர்க் குழாயில் பதினாறுக்கு ஒன்று என்று ஒடுங்கும் மரையும் உண்டு. அங்கே ஒழுக்கை அடைப்பது மரையின் வேலை, டேப் அதற்குத் துணை. வண்டி போல்ட்டின் மரை ஒடுங்காதது. பிடிப்பது மட்டுமே அதன் கடமை. பிடியே போன இடத்தில் டேப் சுற்றுவது போல்ட்டுக்கு அல்ல, சுற்றுபவரின் மனசுக்கு.

இனி பரபக்கம். ‘அந்தக் காலத்துப் புல்லட்டில் இதெல்லாம் இல்லை’ என்பார் உலோகவாதி. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டின் கிராங்க்கேஸும் அலுமினியம்தான். போதாததற்கு, கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 26 மரை என்ற ஆங்கிலேயர் கணக்கு அதில் இருந்தது. 6 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டுக்கு அதுவே 25.4. கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று இதை அதில் ஏற்றினால் ஏறும், லொடலொடவென்று ஆடும், ஆடுகிறதே என்று இறுக்கினால் மறுபடி நம் துணிபுக்கே வந்துசேரும். பக்கத்து நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் பொறியாளரின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது: டார்க் ரெஞ்ச் வாங்கினால் தீர்ந்தது. சுரங்கத்தில் பக்கெட் வீல் எந்திரத்துக்கு அது சரி. வீட்டு வாசலில் ரெஞ்ச் ‘கிளிக்’ என்ற பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று சாதா ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டும் மனிதரை எந்தக் கருவி தடுக்கும்? 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் போதுமான முறுக்கு 10 நியூட்டன் மீட்டர். ஒரு சாணில் மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் ஏழு கிலோ அழுத்தம் அவ்வளவுதான். ஏழு கிலோவோடு நிறுத்திக்கொள்ள அறிவு போதாது, தைரியம் வேண்டும்.

முறையான பரிகாரம் ஹெலிகாயில். தேய்ந்த துளையை டிரில்லால் சற்றுப் பெரிதாக்கி, மரை வெட்டும் ‘டேப்’ கருவியில் கிரீஸ் தடவி (தூள் உள்ளே விழாமலிருக்க) புது மரை வெட்டி, அதில் ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளைத் திருகி இறக்கி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை ஒடித்து எடுத்துவிட வேண்டும். சுருள் அலுமினியத்தை அகலமாகப் பற்றுவதால் பழைய மரையைவிட இது நன்றாகவே தாங்கும். ஆனால் வண்டியைத் திருப்பித் தரும்போது மெக்கானிக் சொல்லும் ‘இனி எவ்வளவு வேணாலும் டைட் பண்ணலாம்ண்ணே’ என்ற அபயவாக்கை ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர். அதை நம்பி இறுக்கும்போது மரை அசையாது; போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு கையில் வரும். உள்ளே தங்கிய தண்டின்மேல் நட்டு வைத்து வெல்டிங் அடித்து வெளியேற்றும் இயல் தனிக் கட்டுரைக்கு உரியது.