கனடாவுக்கு ஒரு பெரிய கும்பிடு

"கனடாவுக்குப் பெரிய கும்பிடு போட்டிட்டு வந்திட்டம்" என்று நெளுக்குளத்தில் ஒரு சோடி சொன்னால், நல்லது என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகிற ரிக்கெற் எத்தனையாம் திகதிக்கு என்று கேளுங்கள். மே மாதத்தில் ஒரு திகதி சொல்வார்கள். "அது சும்மா போட்டது, ரிற்றேண் சேர்த்துப் போட்டால்தான் மலிவு, மாத்தலாம்" என்றும் சொல்வார்கள். மாற்றமாட்டார்கள்.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் வந்து, வேப்பங்குளம் தாண்டிப் பம்பைமடு வருவதற்குள் இப்படிப்பட்ட சோடிகளின் வீடுகளை நீங்களே அடையாளம் பிடிக்கலாம். ஆள் உயரத்துக்கு மேலே மதில், அதிலே சிங்கம் வைத்த கேற், இரண்டு மாடி, மாபிள் பதித்த விறாந்தை. மேல்மாடி எப்போதும் பூட்டியே கிடக்கும். பம்பைமடுப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அறை தேடி அலைகிறார்களே, வாடகைக்குக் கொடுக்கலாமே என்றால் அப்படியொரு வீட்டு அக்காவுக்குக் கோபம் வரும். "நாங்கள் நிரந்தரமா இருக்கப்போற வீடெல்லோ!"

அந்த வீட்டு அண்ணை கனடாவின் ஸ்காபரோவுக்கு முதன்முறை விடைகொடுத்த கதை எங்கள் பக்கத்தில் பிரசித்தம். பாங்குவெற் ஹோல் ஒன்றில் பிரியாவிடை. பொன்னாடை, பூமாலை, வாழ்த்துமடல், லமினேற் பண்ணிய குடும்பப் படம். 'தாய்மண் அழைக்கிறது' என்று அண்ணை பேச, மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதாம். அடுத்த வருடம் ஆனி மாதம், மார்க்கம் வீதித் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணையை, பொன்னாடை போர்த்திய அதே தலைவர் கண்டுவிட்டார். அண்ணை மரக்கறித் தட்டுக்குப் பின்னால் குனிந்ததாகவும், தலைவர் நாகரிகமான மனிதர் ஆகையால் மீன் பக்கம் போய்விட்டதாகவும் அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார். அதற்குப் பிறகு கனடாப் பக்கத்தில் பிரியாவிடை நடப்பதில்லை. முழுவதும் நெளுக்குளத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது.

இவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்துதான் இவர்களை இப்படிப் பாதியாகப் பிளந்து வைத்திருக்கின்றன. கனடாவில் 20 வருடம் இருந்தவருக்கு முதியோர் பென்சன் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் வரும். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு அதோடு சேர்த்துக் கொடுக்கிற சப்ளிமென்ற், ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் நின்றுவிடும். ஒன்ராறியோவின் ஹெல்த் கார்ட்டுக்கோ 12 மாதத்தில் 153 நாளாவது அங்கே கால் பதித்திருக்க வேண்டும். அண்ணைக்குச் சீனி, அக்காவுக்குப் பிறசர். அந்தக் கார்ட்டை விடுவது உயிரை விடுவது. இந்தப் பக்கம் பார்த்தால், பிறந்த ஊருக்கு வருவதற்கே ரூறிஸ்ற் விசா. முப்பது நாளில் இறங்கி, பிறகு நீட்டி நீட்டி ஓட்டவேண்டும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரும் சொன்னால் அண்ணை தலையை ஆட்டுவார். "போடத்தான் வேணும், இந்தமுறை போடுவம்." அவருடைய வாழ்க்கையில் மிகப் பழைய வாக்கியம் அது.

ஆகவே கார்த்திகை மழையோடு வருகை. தைப்பொங்கல், காலபோக வெட்டு, சித்திரை வருடம் என்று ஒன்றும் தப்பாது. வற்றாப்பளைப் பொங்கல் மட்டும் எட்டாது. வைகாசியில் அம்மனுக்குப் பொங்கல் நடக்கும்போது ஆறு மாதம் முடிந்துவிடும். "எங்களுக்குக் குடுத்து வைக்கேல்லை. அம்மாளாச்சி கூப்பிடுறா, கனடா விடுதில்லை" என்று அக்கா பெருமூச்சு விடுவார். கனடாக்காரன் திகதி வைத்ததே வன்னி வெயிலுக்கு முதல் தப்பிப் போகத்தான் வசதி என்பதை அவர் சொல்வதில்லை. வேர்வை துடைத்த துவாய்தான் சொல்லும்.

முன்விறாந்தைச் சுவரில் இரண்டு மணிக்கூடு. ஒன்று எங்கள் நேரம். மற்றது அந்த ஸ்காபரோப் பிரியாவிடையில் கொடுத்தது, ரொறன்ரோ நேரம். பேரப்பிள்ளைகளோடு கதைக்க வசதியாம். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோ மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிறது. அன்று நெளுக்குளத்தில், மயில் அகவுகிற வெயிலில், ஒரு மனிதர் ஸ்ரூலில் ஏறி நின்று தானும் தள்ளுவார். "பத்தரை மணித்தியால வித்தியாசம் இனி ஒன்பதரை" என்று இறங்கி வந்து சொல்வார். தோட்டத்தில் கொச்சிக்குத் தண்ணி இறைக்கிற பெடியன் அதைக் கேட்டு என்ன செய்வான்? "சரி ஐயா" என்பான்.

சித்திரை கடைசியில் பயணம் சொல்லல் தொடங்கும். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப் படை கடைசிக் கப்பல் ஏறியபோதுகூட வன்னியில் இவ்வளவு ஏற்பாடு நடந்திருக்காது. முதலில் சாமான். வறுத்து இடித்த தூள், ஒடியல் மா, குரக்கன் மா, மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், குளத்து விரால் கருவாடு, தேன். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. அண்ணை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, வரும் நிறையில் தன் நிறையைக் கழிப்பார். கழிப்பது கார்த்திகையில் வந்திறங்கியபோது இருந்த நிறையை. அதனால் எல்லாப் பெட்டியும் ஐந்தாறு கிலோ கூடக் காட்டும். கருவாட்டை வெளியே எடு, தூளை வெளியே எடு என்று வீடு அமளிப்படும்.

"இஞ்சாருங்கோ, முதலிலை உங்கட வண்டியைக் கழியுங்கோ. பெட்டி சரியாத்தான் இருக்கு."

"நீர் பேசாமல் இரும். நான் கூடேல்லை, தராசுதான் பிழை."

பிறகு தானதருமம். இனி வரமாட்டோம், வந்தாலும் எப்போதோ என்ற பாவனையில், பாதி முடிந்த ஷாம்பூ, ரைலினோல் குளிசை, கேத்தல், மின்விசிறி எல்லாம் அயல் வீடுகளுக்குப் போகும். கேத்தலின் அடியில் எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணியின் வெள்ளைப் படிவு கல்லாக ஒட்டியிருக்கும். அதையும் சேர்த்தே கொடுப்பார்கள். வாங்குகிறவர்களுக்கு விசயம் தெரியும். ஒருவரும் சாமான் வந்த பெட்டியைக் குப்பையில் போடமாட்டார்கள். கார்த்திகையில் அக்கா வேலியோரம் வந்து, "அந்த மின்விசிறி நிக்குதே தங்கச்சி, ஒரு ரெண்டு நாளைக்கு…" என்று இழுக்கும்போது பெட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வதுதான் உச்சம். போகிற வீடெல்லாம் தேத்தண்ணி, போகிற வீடெல்லாம் "மகளுக்கு ஒரு சின்னப் பார்சல், பாரமில்லை". அக்கா அழுவார். கள்ள அழுகை இல்லை, உண்மையான கண்ணீர்தான். ஆனால் கண்ணீருக்கும் அளவு உண்டு. மூன்றாம் வீட்டோடு முடிந்துவிடும். நாலாம் வீட்டுக்காரி அதைக் கணக்கு வைப்பாள். "அவையளின்ர வீட்டிலை கட்டிப்பிடிச்சு அழுதவவாம். எங்கட வீட்டிலை ரீயைக் குடிச்சிட்டு, பால்மா என்ன விலை எண்டு கேட்டிட்டுப் போட்டா." இந்தக் குறையால் இரண்டு குடும்பம் கதை பேச்சில்லாமல் இருந்திருக்கிறது.

இவ்வளவு ஆரவாரம் எதற்கு என்று எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. தொண்ணூறுகளில் இவர்கள் போன விதம் தெரிந்த பிறகு எரிச்சல் குறைந்துவிட்டது. அந்தப் போர்க்காலத்தில் வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வர அந்தப் பக்கம் ஒரு பாஸ், வவுனியாவில் நிற்க, கொழும்புக்குப் போக இந்தப் பக்கம் ஒரு பாஸ். ஏஜென்சிக்காரன் வாயைத் திறக்கக் கூடாது என்றிருப்பான். அண்ணை தமக்கைக்குக்கூடச் சொல்லவில்லை. பல்லுக் கட்டப் போகிறேன் என்று ஒரு ஷொப்பிங் பையோடு வீட்டை விட்டு இறங்கியவர், நாலு நாட்டு விமான நிலையத்தில் இருந்து எழும்பி, பத்து மாதத்துக்குப் பிறகுதான் கனடாவில் நிற்கிறேன் என்று கடிதம் போட்டார். அக்கா மூன்று வருடம் கழித்து, அயலுக்குத் தெரியாமல் விடியப்புறம் போனார். அன்று சொல்லாமல் போன கணக்கைத்தான் இப்போது வட்டியும் முதலுமாகச் சொல்லித் தீர்க்கிறார்கள் போலிருக்கிறது. வட்டி கொஞ்சம் அதிகம்தான்.

போன மே மாதம் வழக்கம்போல் ஹையேஸ் வான் வந்தது. மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாகக் கட்டுநாயக்கா. வழியில் எங்கேயும் நிற்பதில்லை என்று சாரதி முன்கூட்டியே அறிவித்துவிட்டான். வாசலில் நிறைகுடம், தேங்காய், திருநீறு. எதிரே சுமங்கலி ஒருத்தி வர ஒழுங்கு பண்ணியிருந்தது. அழுகை, கட்டிப்பிடிப்பு, கையசைப்பு எல்லாம் முறைப்படி முடிந்து வான் புறப்பட்டது. நாங்கள் வாசலை விட்டு நகர்ந்து, வாய்க்குள் இருந்த கதைகளை வெளியே விடத் தொடங்கிய நேரம், வான் திரும்பி வந்து நின்றது. வேப்பங்குளம் மட்டும் போயிருக்கிறார்கள். ஹெல்த் கார்ட்டைச் சாமித்தட்டில், வற்றாப்பளை அம்மன் படத்துக்குக் கீழே, பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்து மறந்துவிட்டார் அக்கா.

பயணம் புறப்பட்டுத் திரும்பினால் சும்மா ஏறக்கூடாது. உள்ளே வந்து இருந்து, தண்ணி குடித்து, புதிதாகப் புறப்பட வேண்டும். ஆகவே இன்னொரு தேங்காய் தேடி ஆள் ஓடியது. சுமங்கலியை மறுபடி தெருவுக்கு அனுப்பினார்கள். அவ அதற்கிடையில் உடுப்பு மாற்றிவிட்டதால் அதற்கொரு கால் மணித்தியாலம். நாலாம் வீட்டுக்காரிக்கு அன்று அதிர்ஷ்டம். இரண்டாம் சுற்றில் அக்கா அவளைத்தான் முதலில் கட்டிப்பிடித்து அழுதார்.

"உதைப் பாத்துக்கொண்டு நிண்டால் பிளேன் போயிடும் அம்மா" என்றான் சாரதி, ஸ்ரியரிங்கில் தட்டிக்கொண்டு.

அண்ணை ஹெல்த் கார்ட்டை மேல் சட்டைப் பையில் வைத்து, பையைப் பொத்திப் பிடித்தபடி வானில் ஏறினார். "விடு தம்பி. கார்த்திகையிலை வந்தால் பிறகு இந்தத் தொல்லை இல்லை. இனி நிரந்தரம்தானே."

"அப்ப கார்த்திகைக்கும் என்ர வானைத்தான் சொல்லுங்கோ ஐயா. மேயிலை திரும்பிப் போறதுக்கும் சேத்து இப்பவே எழுதி வைக்கிறன்."