தலை எண்ணும் டூர் சார்

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பள்ளிகளில் டூர் சார் ஒருவர் கட்டாயம் இருப்பார். சுற்றறிக்கையில் அவர் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர். இந்த மன்றங்களுக்கான தேசியப் பசுமைப் படைத் திட்டம் 2001-ல் தொடங்கியபோது, “யாராவது ஒருத்தர் எடுத்துக்குங்க” என்று தலைமையாசிரியர் ஆசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் விடைத்தாளில் குனிந்துகொண்டார்கள். இவர் அன்றைக்குப் பார்த்துத் தாமதமாக வந்தார். அன்று தலையில் ஏறிய பொறுப்பு இன்னும் இறங்கவில்லை.

வருடம் தவறாமல் பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஒரு மாதம் முன்பே அவர் சட்டைப்பை வீங்கத் தொடங்கும். பெயர்ப் பட்டியல், பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள் (பாதிக் கையெழுத்துகளைப் பக்கத்துப் பெஞ்சு பையன் போட்டிருப்பான்), வாந்தி மாத்திரை, கேரி பை, கழுத்தில் விசில். பேருந்து கிளம்பியதும் ஜன்னல் திரைகளை இழுத்து மூடச் சொல்வார்கள். திரையை மூடாவிட்டால் டிவியில் படம் தெரியாதாம். இயற்கையைப் பார்க்கத்தான் போகிறார்கள்.

அவருடைய உண்மையான வேலை எண்ணுவது. ஏறும்போது 86. டீக்கடையில் 85. “யாருடா வரல?” வராதவன் யார் என்று வராதவனைத் தவிர எல்லாரும் சொல்வார்கள். மறுபடி எண்ணினால் 87, ஏனென்றால் கிளீனர் பையனும் வரிசையில் நின்றிருப்பான். ஆற்றைக் கடந்து தம்மைத் தாமே எண்ண மறந்த பரமார்த்த குருவின் சீடர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், 86 பிள்ளைகளோடு ஒருமுறை பிச்சாவரம் பக்கத்துக் கிள்ளைக்குப் போய் வரட்டும்.

படகுத் துறையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டி படகு படகாகப் பிரித்து உட்கார வைத்ததும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கும் இந்த அலையாத்திக் காட்டின் வாய்க்கால்கள் வளைந்து வளைந்து போகும். ஒரு திருப்பத்தில் பின்னால் வந்த நாலு படகு மறைந்துவிடும். டூர் சார் எழுந்து நிற்பார், படகு ஆடும், “சார், உக்காருங்க சார்” என்று படகோட்டி அதட்டுவார். விசில் சத்தத்தில் கொக்கும் நீர்க்காகமும் பறந்துவிடும். பறவை பார்ப்பது என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கும் பகுதி அத்தோடு முடிந்தது.

பிறகு பாடம். “பிச்சாவரம் 2022-ல ராம்சார் ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்துச்சு. எழுதிக்கோ. இது சுவாச வேர். எழுதிக்கோ.” பிள்ளைகள் குனிந்து எழுதுவார்கள். வெண்கண்டல் வேர்கள் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு மேல் நோக்கி நீட்டிக்கொண்டு நிற்பதை அவர்கள் நோட்டில்தான் பார்ப்பார்கள்.

உண்மையில் பாடம் நடத்துவது படகோட்டி. “பாப்பா, இந்த எலைய நாக்குல வெச்சுப் பாரு, உப்புக் கரிக்கும்.” வெண்கண்டல் தான் குடித்த உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது என்பது இந்த ஒரு நக்கலில் விளங்கிவிடும். அடுத்த திருப்பத்தில் அவரே குரலை உயர்த்துவார்: “தம்பி, அதத் தொடாத! பால் கண்ணுல பட்டா அவ்வளவுதான்.” அது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம். இருபது வருடமாக டூர் சார் அதைக் கடந்து போயிருக்கிறார், எண்ணிக்கொண்டே போனதால் பார்த்ததில்லை. இப்போதும் முன்பே தெரிந்த மாதிரி தலையாட்டுவார். ‘இதயக்கனி’ படம் இங்கேதான் எடுத்தார்கள் என்று படகோட்டி சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலரும். பிள்ளைகளுக்கு ‘தசாவதாரம்’ என்றால்தான் புரியும்.

தண்ணீர் வற்றிய ஓரத்தில் ஒரு நண்டு, ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்கு நிகராகப் பெருத்து, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். “சார், நண்டு டாட்டா காட்டுது!” டாட்டா இல்லை, பெண் நண்டை அழைக்கிறது, பக்கத்து ஆண் நண்டை மிரட்டுகிறது. பக்கத்திலேயே ஒரு மீன் துடுப்பை ஊன்றிச் சேற்றில் நடக்கும், ஈரத்தோலாலும் மூச்சு விடும். டூர் சார் சொல்வது ஒன்றுதான்: “எட்டிப் பாக்காத, உக்காரு.”

இன்னொரு கதையும் இங்கே உண்டு. இந்தக் காட்டில் ஒரு காலத்தில் மரத்தைக் கூறு கூறாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடம் தாழ்ந்து, கடல் நீர் தேங்கி, உப்பேறி, பிறகு எதுவுமே முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்ததும் காடு திரும்பியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைந்தது. இதை டூர் சார் சொல்ல மாட்டார். அந்த நேரத்தில் புளிசாதப் பொட்டலம் எண்ணிக்கொண்டிருப்பார்.

மாலையில் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். காட்டில் உயிரோடு நடந்த உயிர்களைப் பார்க்க நேரமில்லாத பிள்ளைகள், ஃபார்மலின் ஜாடிகளின் முன் வரிசையில் நின்று நிதானமாகப் பார்ப்பார்கள். ஜாடியில் இருப்பது எங்கும் ஓடாது என்பதால் டூர் சாருக்கும் அங்கேதான் கொஞ்சம் மூச்சு வரும்.

குறை சொல்வது சுலபம். வசூலில் குறைந்த தொகையைத் தன் கையிலிருந்து போட்டவர் அவர்தான். இரவு பத்து மணிக்குக் கடைசிப் பெண்ணின் அப்பா வரும்வரை பள்ளி வாசலில் நிற்பவரும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் அந்த 86 பேரும் சேற்று நண்டைச் சந்தையில்தான் பார்த்திருப்பார்கள்.

ஆகவே தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை எண்ணுவதற்கென்று தனியாக ஒருவரை அனுப்புங்கள். 86 பேரை ஒரே நாளில் திணிக்காமல் இரண்டு நாளாகப் பிரியுங்கள். தேதி குறிக்கும் முன் தண்ணீர் எப்போது வற்றும் என்று கிள்ளைப் படகோட்டிகளைக் கேளுங்கள். விசிலைப் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.