அம்பயர் மாமா

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துப் பக்கம் போகிறவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் துண்டு, தலையில் தொப்பி. சிக்னலில் நிற்கும் நம் ஊர் சிவப்புத் தொப்பி போலீஸுக்குக்கூட அவ்வளவு மிடுக்கு வராது. மைதானத்துப் பையன்கள் அத்தனை பேருக்கும் அவர் மாமா. ஒரே ஒரு பையனுக்கு அப்பா. அந்த ஒருவன் எந்த டீமில் ஆடுகிறானோ, சந்தேகத்தின் பலன் அன்றைக்கு அந்த டீமுக்கு.

மகன் டீம் பேட்டிங் என்றால் மாமாவுக்குச் சந்தேகம் ஊற்றெடுக்கும். நடு ஸ்டம்ப்புக்கு நேராகப் பந்து காலில் படும். "லெக் ஸ்டம்ப்புக்கு வெளிய பிட்ச்" என்பார். அடுத்தது, "ஹைட்டுப்பா." அதற்கடுத்தது, "பேட்ல பட்ட சத்தம் கேட்டுச்சே!" கேட்டது ரோட்டில் போன புல்லட்டின் சத்தம். ஒருநாள் ஃபுல்டாஸ். தரையையே தொடாமல் ஷூவில் வந்து விழுந்தது. பந்து போட்ட பொடியன் தொண்டை கிழியக் கத்தினான். மாமா கண்ணை இடுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "லெக் ஸ்டம்ப்புக்கு வெளிய பிட்ச்சுடா தம்பி."

"மாமா, பிட்ச்சே ஆகல மாமா!"

"ஆகியிருந்தா வெளியதான் ஆகியிருக்கும். போய் அடுத்த பால் போடு."

மகன் டீம் பந்து போட வந்துவிட்டால் சந்தேகமெல்லாம் பறந்துவிடும். கேட்காமல் அவுட் கொடுக்கக் கூடாது என்பது கிரிக்கெட் விதி. மாமா விதியை மீறுகிறவர் இல்லை. பேடில் பட்டதைக் கவனிக்காமல் பையன் திரும்பி நடந்தால், உதடு அசையாமல் "கேளுடா, கேளு" என்பார். அவன் "ஹவ்ஸ்..." என்று இழுக்கும்போதே விரல் மேலே போயிருக்கும்.

ஓவருக்கு ஏழு பந்து, இஷ்டத்துக்கு வைடு, இதெல்லாம் சில்லறை.

சொந்த மண் அம்பயர் என்றாலே புகார்தான் என்று பெரிய கிரிக்கெட்டே கண்டுகொண்டது. 1986இல் லாகூரில் நடந்த பாகிஸ்தான்–வெஸ்ட் இண்டீஸ் டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து பிலூ ரிப்போர்ட்டரும் வி.கே. ராமசாமியும் (நடிகர் இல்லை, அம்பயர்) போய் நின்றார்கள். 2002இல் டெஸ்டுக்கு இரண்டு அம்பயருமே வெளிநாட்டுக்காரர்கள் என்றானது. இதை மாமாவிடம் சொன்னால், "அதெல்லாம் காசு வாங்குறவங்களுக்கு சார். நான் சும்மாதானே நிக்கிறேன்?" என்பார். அதுவும் உண்மைதான். ஆறு மணிக்கே வந்து ஸ்டம்ப் அடிப்பது, தண்ணீர் கேன் தூக்கி வருவது, அடிபட்ட பையனை ஸ்கூட்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லாம் அவர்தான். அவர் இல்லையென்றால் பாதி ஞாயிறுகளில் மேட்சே நடக்காது.

ஆனாலும் பேடில் பட்டு எழும்பிய பந்துக்குக் கேட்ச் அவுட் வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி திரும்புகிறானே பன்னிரண்டு வயசுப் பையன், அவன் கற்றுக்கொண்டு போவது கிரிக்கெட் இல்லை. அப்பா நடுவில் நிற்கும்வரை பிள்ளை அவுட் ஆகமாட்டான் என்பதைத்தான். வாயைத் திறந்தால் "பெரியவங்கள எதிர்த்துப் பேசாத" என்று ஓர் அதட்டல் வேறு.

இதே ஊரில் பெத்தாங் என்ற குண்டெறி ஆட்டம் ஆடும் பெரியவர்கள், எந்தக் குண்டு கிட்டே என்று தகராறு வந்தால் டேப்பை நீட்டி அளந்துவிடுகிறார்கள். எல்.பி.டபிள்யூவை அளக்க ஹெலிபேட் மைதானத்தில் டேப் கிடையாது, மாமாவின் கண்தான். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள் மாமா: ஸ்டம்ப் அடியுங்கள், தண்ணீர் கொண்டு வாருங்கள், ஆசையாக இருந்தால் கோட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். மகன் ஆடும் மேட்சில் மட்டும் பவுண்டரிக்கு வெளியே உட்காருங்கள்.